ஒரே டிரேயில் பாதி கருகல், பாதி வெளுப்பு: பேக்கரி ஓவன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன், பிரெட், கேக், பிஸ்கட் எதுவானாலும், ஒரே நேரத்தில் உள்ளே போன சரக்கு ஒரே நிறத்தில் வெளியே வர வேண்டும். வராதபோது பெரும்பாலும் திட்டு வாங்குவது மாஸ்டர்தான். ஆனால் கோளாறு ஓவனிலா, டிரேயிலா, மாவிலா என்று பார்த்துவிட்டுத்தான் யாரையும் குறை சொல்ல வேண்டும். தட்டுத் தட்டாக அடுக்கிய டெக் ஓவன், டிராலியையே உள்ளே விட்டுச் சுற்றவைக்கும் ரோட்டரி ராக் ஓவன், விறகு எரித்துச் சூடாக்கும் கல்லடுப்பான போர்மா ஆகிய மூன்றையும் மனதில் வைத்து, பேக்கரிக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு பக்கம் கருகுகிறது, இன்னொரு பக்கம் வேகவே இல்லை. முதலில் எதைப் பார்ப்பது?

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன்: டெம்பரேச்சரைக் கூட்டிக் குறைக்காதீர்கள். வெளுப்பைப் பார்த்துச் சூட்டைக் கூட்டினால் வெளுத்த பக்கம் ஓரளவு சிவக்கும், ஏற்கெனவே சிவந்த பக்கம் கரியாகும். கோளாறு அப்படியே இருக்கும், கண்ணுக்கு மட்டும் தெரியாமல் போய்விடும்.

அதற்குப் பதிலாக ஒரு டிரேயை வழக்கம்போல உள்ளே வையுங்கள். பாதி நேரம் ஆனதும் எதையும் திருப்பாமல் நிறத்தை மட்டும் பாருங்கள். அடுத்த ஈட்டில் (ஒரு தடவை உள்ளே போகும் சரக்கு ஒரு ஈடு) அதே டிரேயை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். மறுபடியும் ஓவனின் அதே மூலையில்தான் கருகுகிறது என்றால் கோளாறு ஓவனில். கருகல் டிரேயோடு சேர்ந்து இடம் மாறினால், டிரே வளைந்திருக்கிறது அல்லது மாவு ஒரே அளவாக இல்லை. இன்றைக்கு ஒரு இடம், நாளைக்கு வேறு இடம் என்று அலைந்தால் மின்சாரம், பர்னர், சரக்கு ஏற்றும் விதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனைக்குச் செலவே இல்லை. இதைச் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டால், எது கைக்கு வருகிறதோ அதை மாற்றிவிட்டுப் போவார்.

ஓவனுக்குள் எந்த இடத்தில் சூடு அதிகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரெட் துண்டு போதும். ஒரே கனத்தில் வெட்டிய சாதா வெள்ளை பிரெட் துண்டுகளை டிரே முழுக்க இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். ஓவனை 200 டிகிரியில் நன்றாகச் சூடாக்கி, டிரேயை உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். ஏதாவது ஒரு பகுதி நன்றாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். எந்த இடம் காப்பி நிறம், எந்த இடம் வெள்ளை என்பது அப்படியே படமாகத் தெரியும். கதவுப் பக்கம் எது என்று ஒரு துண்டில் அடையாளம் வைக்க மறக்காதீர்கள், வெளியே எடுத்த பிறகு திசை குழம்பிவிடும். போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டெக் ஓவனில் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள். துண்டைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பாருங்கள், மேல் சூடும் கீழ் சூடும் வெவ்வேறு படம் காட்டும். ராக் ஓவனில் டிராலியின் மேல், நடு, கீழ் என மூன்று டிரேயில் அடுக்கினால் போதும். மாவில் ஈரம் கூடுதலா, முட்டை பூசியது சரியா என்ற சந்தேகங்கள் எதுவும் இந்தச் சோதனையில் குறுக்கே வராது.

டிஸ்பிளேயில் 200 காட்டுகிறது. அதை நம்பலாமா?

அந்த எண் சென்சார் இருக்கும் அந்த ஒரு புள்ளியின் சூடு மட்டும்தான். அதுவும் சென்சார் சரியாக இருந்தால். தெர்மோகப்பிள் என்ற அந்தச் சென்சாரின் முனையில் எண்ணெயும் கரியும் படிந்தால் சூட்டைத் தாமதமாக உணரும். அது இடம் நழுவிச் சுவருக்குள் பாதி போய்விட்டால் குறைவாகக் காட்டும், ஓவன் தேவைக்கு மேல் சூடாகும்.

சென்சார் மாற்றிய பிறகு பிரச்சினை ஆரம்பித்தது என்றால் வகையைப் பாருங்கள். ஜே வகை, கே வகை என்று இரண்டும் பேக்கரி ஓவன்களில் புழக்கத்தில் உண்டு. கன்ட்ரோலர் கே என்று அமைக்கப்பட்டிருக்க, ஜே சென்சாரை மாட்டினால் டிஸ்பிளே உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், சரக்கு வெளுத்து வரும். நேர்மாறாக மாட்டினால் டிஸ்பிளே குறைவாகக் காட்டும், சரக்கு கருகும். இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால், சூடு ஏற ஏற எண் இறங்கும். அதை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

சரிபார்க்க, உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடுவில் வையுங்கள். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் மீட்டர் காற்றின் சூட்டைக் காட்டாது, மேற்பரப்பை மட்டும் காட்டும். கல் தளத்துக்குச் சரியாக இருக்கும். பளபளக்கும் அலுமினியம், ஸ்டீல் மேல் பிடித்தால் உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்துப் பலர் ஏமாந்து சூட்டைக் கூட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று, எண் 200ஐத் தொட்டதும் ஓவன் தயார் என்று அர்த்தமில்லை. கல் தளம் உள்ள டெக் ஓவனில் காற்று முதலில் சூடாகும், கல் வெகு பின்னால்தான் வரும். எண் வந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை விட்டுவைத்தால்தான் கல் முழுக்கச் சீராகும். காலை முதல் ஈடு மட்டும் கோணலாக வருகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான்.

எலெக்ட்ரிக் டெக் ஓவனில் ஒரு பட்டை மட்டும் வேகவே இல்லை. ஏன்?

ஹீட்டர் ஒன்று போயிருக்கும், அல்லது ஒரு பேஸ் (மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை) வரவில்லை. பெரிய டெக் ஓவன் மும்முனை மின்சாரத்தில் ஓடும், ஹீட்டர்களை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு பேஸ் போனால் அந்தக் கூட்டத்து ஹீட்டர்கள் அத்தனையும் அணைந்துவிடும். மற்றவை எரிவதால் ஓவன் சூடாகவே தெரியும், டிஸ்பிளேயும் மெதுவாக 200க்கு வந்துவிடும். அதனால்தான் நாள் கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

எலெக்ட்ரீஷியனிடம், ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தைக் காட்டும் டாங் டெஸ்டர் போட்டு ஒவ்வொரு பேஸிலும் எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் சுழியமாகவோ மிகக் குறைவாகவோ இருந்தால் விஷயம் அங்கே. பியூஸ், கான்டாக்டரின் (ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) முனைகள், ஹீட்டர் இணைப்பு என்ற வரிசையில் போகலாம். கான்டாக்டர் முனை கருகிப் போவது சர்வ சாதாரணம். 415 வோல்ட் ஓடும் இடம் இது, மெயினை நிறுத்திவிட்டுத்தான் பேனலைத் திறக்க வேண்டும். மாஸ்டரோ உதவிக்கு நிற்கும் பையனோ ஸ்க்ரூடிரைவரோடு அங்கே போகவே கூடாது.

சாயங்காலம் மட்டும் சரக்கு வெளுத்து வருகிறது. காலையில் அதே ஓவன், அதே மாவு, ஒரு குறையும் இல்லை.

வோல்டேஜ். ஹீட்டர் தரும் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்குச் செய்த ஹீட்டருக்கு 200 வந்தால் கிடைப்பது முக்கால் பங்கு சூடுதான். காலி ஓவன் எப்படியோ 200 டிகிரிக்கு வந்துவிடும். ஆனால் குளிர்ந்த மாவு நிறைந்த டிரேக்கள் உள்ளே போனதும் விழுந்த சூடு மீண்டு வர நெடுநேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பன் நிறம் பிடிக்காமல் காய்ந்து போகும். மீட்டரில் வோல்டேஜ் பார்த்து எழுதி வையுங்கள். பெரிய ஈட்டை அந்த நேரத்தில் தவிர்க்கலாம், அல்லது அரை லோடு ஏற்றலாம். நிரந்தரமாகத் தீர வேண்டுமானால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், கையில் பதிவு இருந்தால் பேச்சு எடுபடும்.

மேலே சிவந்துவிடுகிறது, அடி வெள்ளையாகவே இருக்கிறது.

டெக் ஓவனில் மேல் சூட்டையும் கீழ் சூட்டையும் தனித்தனியாக அமைக்கலாம், அதைச் சரிசெய்தாலே பாதி தீரும். ஆனால் முதல் ஈடு நன்றாக வந்து மூன்றாவது, நான்காவது ஈட்டில் அடி வெளுக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் கல் ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு ஈடும் கல்லிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டு போகிறது. நடுவில் சில நிமிடம் கதவை மூடிவிட்டுக் காத்திருங்கள். அவசரத்தில் இதை யாரும் செய்வதில்லை என்பது தெரியும். காலி ஓவன் நிற்பதைப் பார்த்தால் முதலாளிக்கு மனசு கேட்காது. ஆனால் அந்தச் சில நிமிடம் தரும் லாபம் கழிவுக் கூடையைப் பார்த்தால் தெரியும்.

ரோட்டரி ராக் ஓவனில் மேல் டிரே கருகுகிறது, கீழ் டிரே வேகவில்லை. டிராலி சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது?

டிராலி சுற்றுவதால் இடது வலது வித்தியாசம் சமமாகும். மேல் கீழ் வித்தியாசத்துக்குச் சுற்றல் ஒன்றும் செய்யாது. அதைப் பார்த்துக்கொள்வது காற்று வெளிவரும் சுவரில் உள்ள பிளவுகள். அந்தச் செங்குத்துப் பிளவுகளில் தகடுகள் இருக்கும், எங்கே கூடுதல் காற்று, எங்கே குறைவு என்று அவற்றை நகர்த்தி அமைக்கலாம். சுத்தம் செய்யும்போது தெரியாமல் இடித்து நகர்த்திவிடுவார்கள், திருகு தளர்ந்தும் நகரும். பிரெட் துண்டுச் சோதனை செய்துவிட்டு, கருகும் உயரத்தில் பிளவைக் கொஞ்சம் குறைத்து, வெளுக்கும் உயரத்தில் கொஞ்சம் திறந்து, மறுபடி சோதிக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தகடு மட்டும். நான்கைந்தை ஒரேயடியாக நகர்த்தினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தொடுமுன் பழைய நிலையை மார்க்கரில் குறித்து வையுங்கள்.

பிளவுகள் சரியாக இருந்தும் திடீரென்று ஒரு நாள் முழு ஓவனும் கெட்டுப்போனால், காற்றாடியைச் சந்தேகியுங்கள். மின்வேலை நடந்த பிறகோ, ஜெனரேட்டர் மாற்றிய பிறகோ மூன்று பேஸில் இரண்டு இடம் மாறிப் போனால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இந்த வகைக் காற்றாடி எதிர்த்திசையில் சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். சத்தம் கேட்கும், காற்றும் வரும், எல்லாம் ஓடுவதாகவே தோன்றும். சரக்கு மட்டும் மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறமாக வரும். மோட்டார் உறையில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிராலி மோட்டாரும் மும்முனையில் ஓடுவதாக இருந்தால் கண்ணாடி வழியாகவே பிடித்துவிடலாம்: டிராலி வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். மின்வாரிய மின்சாரத்தில் நன்றாக வந்து ஜெனரேட்டரில் மட்டும் கெடுகிறது என்றால், ஜெனரேட்டர் இணைப்பில் பேஸ் வரிசை மாறியிருக்கிறது. இரண்டு பேஸை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. இதற்காக ஓவனையே விற்றுவிடலாமா என்று யோசிப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

அப்புறம் பெல்ட். பெல்ட் உள்ள காற்றாடியில் அது தளர்ந்தாலும் இதே கதைதான்.

டிராலி ஏற்றும் விதமும் முக்கியம். பாதி டிராலிதான் சரக்கு இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் மேலேயோ கீழேயோ குவிக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாகப் பரப்புங்கள். காற்று சுலபமான வழியைத்தான் தேடிப் போகும். காலி இடம் இருந்தால் அங்கேயே பாயும், நெருக்கமான டிரேக்களுக்கு நடுவில் நுழையாது. பிரெட் டின்களுக்கு நடுவிலும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள்.

டீசல் பர்னர் ஓவனில் சூடு ஏறவே நேரமாகிறது, நிறமும் சீராக இல்லை.

டீசலைப் பீய்ச்சும் நாசில் அடைத்திருக்கலாம், அல்லது தீயின் சூட்டை ஓவன் காற்றுக்குக் கடத்தும் வெப்ப மாற்றிக் குழாய்களில் புகைக்கரி படிந்திருக்கலாம். புகைக்கரி சூட்டைத் தடுத்து நிறுத்திவிடும், டீசல் எரியும், சூடு புகைபோக்கி வழியாகப் போய்விடும். புகைபோக்கியில் கறுப்புப் புகை தெரிந்தால் காற்றும் டீசலும் சரியான அளவில் கலக்கவில்லை. வழக்கமான சர்வீஸில் இவை இரண்டும் தீரும்.

ஆனால் பன்னில் டீசல் வாடை அடித்தாலோ, உள்ளே நிற்கும் சரக்கின் மேல் கரித்தூள் தெரிந்தாலோ அது வேறு விஷயம். வெப்ப மாற்றியில் ஓட்டை விழுந்து, எரிந்த புகை சரக்கு இருக்கும் அறைக்குள் வருகிறது. அந்தச் சரக்கை விற்கக் கூடாது. ஓவனையும் நிறுத்த வேண்டும். கார்பன் மோனாக்சைடு மூடிய பேக்கரிக்குள் பரவினால் உயிருக்கே ஆபத்து, அதற்கு வாசனையும் கிடையாது. கேஸ் ஓவனில் கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வால்வை மூடிக் கதவு ஜன்னலைத் திறங்கள்.

கதவோரம் இருப்பவை மட்டும் எப்போதும் வெளுப்பு.

கேஸ்கட், அதாவது சூடு கசியாமல் கதவைச் சுற்றி அடைக்கும் பட்டை. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் சூடு கசிகிறது. கதவைச் சுற்றி நாலாபக்கமும் இப்படிப் பாருங்கள். கீல் இறங்கியிருந்தால் புது கேஸ்கட் போட்டும் பயன் இல்லை. இன்னொரு காரணம், அடிக்கடி திறந்து பார்ப்பது. விளக்கும் கண்ணாடியும் அதற்காகத்தான் இருக்கின்றன, கண்ணாடியைத் துடைத்து வையுங்கள்.

கேக் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் சரிகிறது.

ரசமட்டத்தை ஓவன் தட்டின் மேல் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வைத்துப் பாருங்கள். கேக் மாவு தண்ணீராக இருப்பதால் சிறு சரிவும் தெரிந்துவிடும், பன்னில் தெரியாது. மட்டம் சரி என்றால் காற்று. காற்றாடி ஓவனில் ஒரு பக்கமிருந்து வேகமாக அடிக்கும் காற்று, ஈர மாவின் மேற்பரப்பைத் தள்ளி அலை மாதிரி வரியும் போடும். காற்றாடி வேகத்தைக் குறைக்க வழி இருந்தால் குறையுங்கள். டெக் ஓவனில் 180க்கு வைத்த ஸ்பாஞ்சைக் காற்றாடி ஓவனில் 160, 165க்கு இறக்க வேண்டியிருக்கும். அதே எண்ணில் விட்டால் ஓரம் சீக்கிரம் இறுகி, நடு மட்டும் மேலே எழும்பி வெடிக்கும்.

டிரேயில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது?

நிறைய. புது அலுமினிய டிரே சூட்டைத் திருப்பி அடிக்கும், கறுத்த டிரே உறிஞ்சும். இரண்டையும் ஒரே ஈட்டில் கலந்து வைத்தால் ஓவன் என்ன செய்தாலும் அடி இரண்டு நிறமாகத்தான் வரும். வளைந்த டிரே கல்லைத் தொடாத மூலையில் பிஸ்கட்டின் அடி வெளுக்கும். சமமான மேடையில் வைத்து ஒரு மூலையை அழுத்தினால் ஆடுகிறதா என்று தெரிந்துவிடும். ஆடினால் அதை ரஸ்க் அடுக்கவோ மாவு மூடவோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிரெட் துண்டுச் சோதனையில் ஓவன் சீராகத்தான் இருக்கிறது. பன் மட்டும் கலர் மாறி வருகிறதே?

அப்படியானால் ஓவனை விட்டுவிட்டு மேஜைக்கு வாருங்கள். கை அளவில் கிள்ளிப் போடும் மாவில் ஒன்று 50 கிராம், அடுத்தது 60 கிராம் என்று போனால் இரண்டும் ஒன்றுபோல வேகாது. தராசு வையுங்கள். முட்டைப் பூச்சு திட்டுத் திட்டாக இருந்தால் நிறமும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். பொங்க வைக்கும் அறையில் மேல் டிரேக்கள் கதகதப்பாகவும் கீழ் டிரேக்கள் குளிர்ச்சியாகவும் இருப்பதால், ஓவனுக்குப் போகும் முன்பே வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. மின்விசிறிக்கு எதிரே நிறுத்திய டிராலியில் ஒரு பக்கத்துப் பன்கள் மேலே தோல் கட்டிவிடும், அந்தத் தோல் ஓவனில் சரியாக உப்பாது, மங்கலாக நிற்கும்.

டிரே ஓரத்தில் இருக்கும் பன் நடுவில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிவப்பது இயல்பு. அரை டிரே மட்டும் அடுக்கினால் அந்த ஓரக் கருகல் இன்னும் அதிகமாகும்.

விறகு போர்மாவில் சூட்டை எப்படிச் சீராக்குவது?

இலங்கையில் போறணை என்று சொல்வதும் இதே அடுப்புதான். இங்கே குமிழ் திருப்ப எதுவும் இல்லை, பொறுமைதான் இருக்கிறது. விறகு எரிந்த பக்கம் எப்போதும் கூடுதல் சூடு பிடித்திருக்கும். அதனால் எரிக்கும்போதே கங்கைத் தளம் முழுக்கப் பரப்பிவிட்டு, பிறகு வெளியே இழுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, கதவை மூடிச் சிறிது நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் கல்லில் உள்ள சூடு தனக்குள் பரவிச் சமமாகும். தளத்தில் கொஞ்சம் மைதாவைத் தூவினால், எந்த இடத்தில் சீக்கிரம் சிவக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். தூவியதும் கறுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

அடுக்கும் வரிசையும் சூட்டுக்கு ஏற்றபடிதான். முதல் சூட்டில் பிரெட், பன். இறங்கிய சூட்டில் கேக், பிஸ்கட். கடைசி மிச்சச் சூட்டில் ரஸ்க் காயும். இந்த வரிசையை மாற்றிவிட்டு அடுப்பு சரியில்லை என்றால் அது அடுப்பின் குற்றமில்லை.

ஊட்டியில் பேக்கரி வைத்திருக்கிறேன். சமவெளியில் கற்ற கணக்கு இங்கே ஒத்துவரவில்லை.

ஒத்துவராதுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் பிரெட்டின் நடுவில் 95 டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று எடுப்பார்கள். ஊட்டியில் ஈரம் இருக்கும்வரை நடு அந்தச் சூட்டுக்கு வரவே வராது. வரும் என்று காத்திருந்தால் ஓரமெல்லாம் கருகி, ஓவன் சீராக இல்லை என்று தோன்றும். இலக்கை 89, 90க்கு இறக்கிப் பாருங்கள்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் என்ன தயாராக வைத்துக்கொள்ள வேண்டும்?

பிரெட் துண்டுச் சோதனையின் போட்டோ, கதவுப் பக்கம் குறிக்கப்பட்டதாக. உள்ளே வைத்த தெர்மாமீட்டர் காட்டியதும் டிஸ்பிளே காட்டியதும், இரண்டு எண்களும். கோளாறு எந்த நாளில், எந்த வேலைக்குப் பிறகு ஆரம்பித்தது: சென்சார் மாற்றியதா, ஓவனை நகர்த்தியதா, மின்வேலையா, ஜெனரேட்டரா. எல்லா ஈட்டிலுமா, காலையிலா சாயங்காலமா என்பதும்.

வேலை முடிந்ததும் அவர் கிளம்பும் முன்பே அதே பிரெட் துண்டுச் சோதனையை அவர் கண்ணெதிரே இன்னொரு முறை செய்யுங்கள். படம் சீராக வந்த பிறகு பணம் கொடுங்கள். அந்தப் போட்டோவையும் பழையதற்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை நிறம் மாறும்போது எங்கே தொடங்குவது என்று தெரியும்.